இத்தாலியில் பத்து நாள்: முழங்கால் வலியோடு எந்தெந்தக் கோயில்களைப் பார்க்கலாம்?

நீலக்கதவு:
அக்டோபரில் நானும் என் கணவரும் பத்து நாள் இத்தாலி போகிறோம். ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் மூன்றுக்கும் தங்க இடம் போட்டாயிற்று. எனக்குப் பழைய ஓவியங்கள் என்றால் உயிர். கல்லூரி நாளிலிருந்து புத்தகத்தில் பார்த்த சுவரோவியங்களை, அவை தீட்டப்பட்ட சுவரிலேயே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவருக்கும் ஆசைதான், ஆனால் முழங்கால் வலி. அருங்காட்சியகத்தில் மூன்று மணி நேரம் நின்றால் மறுநாள் எழுந்து நடப்பது கஷ்டம். அவரை அறையில் விட்டுவிட்டு நான் மட்டும் சுற்ற எனக்கு மனம் வராது. ஃபுளோரன்ஸின் உஃபிட்ஸி ஓவியக்கூடம், வத்திக்கான் அருங்காட்சியகம் இரண்டையும் விட்டுவிட்டுத் தேவாலயங்களை மட்டும் பார்த்தால் போதுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தெற்குவாசல்:
தாராளமாகப் போதும். கோயிலில் உட்கார பெஞ்சு இருக்கும், நினைத்த நேரத்துக்கு எழுந்து வரலாம். ரோமில் நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தெய் ஃபிரான்செசி என்று ஒரு கோயில், நுழைவுக் கட்டணம் கிடையாது, அங்கே இடப்பக்கச் சிற்றாலயத்தில் கரவாஜ்ஜோ தீட்டிய மத்தேயு ஓவியங்கள் மூன்று இருக்கின்றன. சில்லறை கையில் வைத்துக்கொள்ளுங்கள், காசு போட்டால் எரியும் விளக்கு இது மாதிரிக் கோயில்களில் அடிக்கடி பார்ப்பீர்கள். இடதுசுவரில் இருப்பது இயேசு மத்தேயுவை அழைக்கும் காட்சி. மேஜையில் காசு எண்ணிக்கொண்டிருப்பவர்கள் மேல் வலப்பக்கத்திலிருந்து வெளிச்சம் சாய்வாக விழும். சற்றுத் திரும்பிப் பாருங்கள், சிற்றாலயத்தின் உண்மையான ஜன்னலும் அதே பக்கம்தான், பீடத்துக்கு மேலே. அந்த வெளிச்சம்தான் படத்துக்குள்ளும் நுழைகிறது என்று தோன்றும்படி யோசித்துச் செய்திருக்கிறார். புத்தகத்தில் இது பிடிபடவே பிடிபடாது.

ஒன்று மட்டும் கவனம். நிறையக் கோயில்களை மதியம் பூட்டிவிடுவார்கள், மூன்று, நான்கு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். காலையில் இரண்டு கோயில், மதியம் சாப்பிட்டு ஓய்வு, சாயங்காலம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் அவர் முழங்காலுக்கும் சரியாக இருக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை இருவருக்கும் வேண்டும்.

கல்தச்சன்:
வெனிஸில் தங்குகிறீர்கள் என்றால் பதுவாவை விட்டுவிடாதீர்கள், ரயிலில் அரை மணி நேரம்தான். அங்கே ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயம் முழுக்க ஜொத்தோ என்ற ஓவியரின் கை, 1305 வாக்கில் முடித்தது. முன்பதிவு கட்டாயம். முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால்மணி நேரம் உட்கார வைப்பார்கள், நம்மோடு வரும் ஈரமும் தூசியும் ஓவியத்தைக் கெடுக்காமல் இருப்பதற்காக. அப்புறம் உள்ளே வழக்கமாக இன்னொரு கால்மணி நேரம். அவ்வளவுதானா என்று நினைப்பீர்கள், ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு அது நல்ல அளவு.

அந்தக் கால்மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். சுவக்கீனும் அன்னாவும் எருசலேமின் பொன்வாசலில் சந்திக்கும் காட்சியைத் தேடிப் பிடியுங்கள். மரியாவின் பெற்றோர், இருவருக்கும் வயதாகிவிட்டது, பிரிந்திருந்து மறுபடி சந்திக்கிறார்கள். அன்னா ஒரு கையை அவர் கன்னத்தில் வைத்திருப்பாள், இரண்டு முகமும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே முகம்போல் ஆகியிருக்கும். பக்கத்தில் கறுப்புப் போர்வையில் பாதி முகம் மறைத்த ஒரு பெண். அவள் யார் என்று நானும் என் மனைவியும் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த வகைச் சுவரோவியத்தில் சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வண்ணம் ஏற வேண்டும், அதனால் அன்றைக்கு முடிக்கும் அளவுக்குத்தான் பூசுவார்கள், அந்த ஒட்டு சில இடங்களில் கண்ணுக்கே தெரியும். நீலத்தை மட்டும் காய்ந்த பிறகு தீட்டுவார்கள். குழந்தை பிறந்த காட்சியில் மரியாவின் நீல மேலாடை உதிர்ந்து போயிருப்பது அதனால்தான்.

மாடப்புறா:
வத்திக்கானை விடச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நடை நீளம்தான், கூட்டமும்தான், ஆனால் அதற்குள் இருக்கும் சிஸ்டின் சிற்றாலயத்தின் சுவரோரம் உட்கார இடம் உண்டு, அதில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. 1508 முதல் 1512 வரை அந்தக் கூரைக்குக் கீழே சாரத்தில் நின்றே தீட்டியிருக்கிறார் மைக்கேலாஞ்சலோ. ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், மாதக் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு, அன்று கூட்டம் தாங்காது. காலை முதல் நேரத்துக்குப் பதிவு செய்துவிட்டு அன்று வேறெதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஃபுளோரன்ஸில் பேராலயக் குவிமாடத்தின் 463 படிகளை இருவருமே மறந்துவிடுங்கள், மின்தூக்கி கிடையாது. அதற்குப் பதில் சான் மார்க்கோ மடம். துறவிகள் தூங்கிய சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு ஓவியம் என்று ஃபிரா ஆஞ்செலிகோவும் அவருடைய உதவியாளர்களும் தீட்டி வைத்திருக்கிறார்கள். மாடிப்படி ஏறித் தலை நிமிர்ந்ததும் எதிரே கபிரியேல் தூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சி. நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

நீலக்கதவு:
எல்லாருக்கும் நன்றி. பதுவாவுக்கு இன்றே பதிவு செய்துவிட்டேன், காலை பத்தரை மணிக்கு. வத்திக்கான் பற்றி இவரிடம் கேட்டேன், சிஸ்டினுக்கு எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் நடக்கிறேன் என்கிறார். சரி, போகிறோம். உஃபிட்ஸி மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

தெற்குவாசல்:
உஃபிட்ஸி போவதானால் போத்திச்செல்லி என்ற ஓவியரின் படங்கள் இருக்கும் அறைகளை மட்டும் மனதில் வைத்து ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை. வெனிஸ்–பதுவா ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அபராதம் போடுவார்கள்.