டிஎன்ஏ மடிப்புக்கும் ஜீன் ஆன் ஆகறதுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி:
மக்களே ஒரு டவுட். எம்எஸ்சி பயோடெக் முதல் வருஷம் படிக்கறேன். 2 மீட்டர் டிஎன்ஏ ஒரு குட்டி நியூக்ளியஸுக்குள்ள ஹிஸ்டோன்ங்கற புரோட்டீன் மேல சுத்தி அடங்கியிருக்குனு புக்ல இருக்கு, அதுக்கு மேல போற மடிப்பெல்லாம் ரெண்டு பாரால முடிச்சுட்டாங்க. இந்த மடிப்பு இடம் பத்தாததுக்கு மட்டும்தானா, இல்ல எந்த ஜீன் ஆன் ஆகணும்னும் அதுதான் முடிவு பண்ணுதா?

பதில் 1:
இடத்துக்காக மட்டும் இல்லம்மா. சோனிக் ஹெட்ஜ்ஹாக் ஜீனை எடுத்துக்கோ. கரு வளரும்போது கை கால் முளைக்கற இடத்துல அத ஆன் பண்ற என்ஹான்சர் (ஜீனை தூண்டிவிடற டிஎன்ஏ துண்டு) பேரு இசட்ஆர்எஸ், அது கிட்டத்தட்ட 10 லட்சம் எழுத்து தள்ளி வேற ஒரு ஜீனோட இன்ட்ரானுக்குள்ள (ஜீன் நடுவுல புரோட்டீனா மாறாத பகுதி) இருக்கு, டிஎன்ஏ மடியறதாலதான் அவ்ளோ தூரத்துல இருந்து ரெண்டும் கிட்ட வர முடியுது. இசட்ஆர்எஸ்ல ஒரே எழுத்து மாறினாலே சில குழந்தைங்க ஆறு விரலோட பொறக்கறாங்க, ஜீன்ல ஒரு குறையும் இருக்காது!

பதில் 2:
மேல சொன்னதோட டேட் (TAD, அதாவது தனக்குள்ளயே அதிகமா ஒட்டி உறவாடற, ரெண்டு பக்கமும் எல்லை இருக்கற டிஎன்ஏ பகுதி) பத்தியும் படிங்க, 2012லதான் தெளிவா தெரிஞ்சுது. கோஹெசின்ங்கற வளைய வடிவ புரோட்டீன் டிஎன்ஏவ லூப்பா இழுத்துக்கிட்டே போகும், சிடிசிஎஃப் புரோட்டீன் ஒண்ண ஒண்ணு பாத்த மாதிரி உக்காந்திருக்கற இடத்துல நின்னுடும். என்ஹான்சர் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ள இருக்கற ஜீனோடதான் பேசும், பக்கத்து வீட்டு சண்டைக்கு போகாது. 2015ல பெர்லின் குழு எலியில இபிஎச்ஏ4ங்கற ஜீன் பக்கத்துல ஒரு டிஎன்ஏ துண்ட எல்லையோட சேத்து வெட்டினாங்க, உடனே இபிஎச்ஏ4ஓட என்ஹான்சர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கற பிஏஎக்ஸ்3 ஜீனை தப்பான இடத்துல ஆன் பண்ணி விரல் குட்டையாயிடுச்சு. கிட்டத்தட்ட அதே துண்ட வெட்டி எல்லைய மட்டும் விட்டுவெச்சப்ப விரல் நல்லாவே இருந்துச்சு. எனக்கு இந்த ஃபீல்டுலயே ரொம்ப பிடிச்ச கன்ட்ரோல் இதுதான்.

பதில் 3:
ரெண்டும் சரி, ஆனா "முடிவு பண்ணுது"னு எக்ஸாம்ல எழுதிடாதீங்க ப்ளீஸ். 2017ல மனுஷ கேன்சர் செல்லுல கோஹெசினையே அழிச்சாங்க, கொஞ்ச நேரத்துல லூப்பெல்லாம் காணாம போச்சு, ஆனா பெரும்பாலான ஜீனோட வேலை பெருசா மாறவே இல்ல.

கேள்வி கேட்டவர்:
அப்போ பதில் 2ல இருக்கற எலிக்கு மட்டும் ஏன் அவ்ளோ பாதிப்பு அண்ணா?

பதில் 3:
நல்ல கேள்வி. ஏற்கனவே ஓடிட்டிருக்கற ஜீன் லூப் போனாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், புதுசா ஆன் ஆக வேண்டிய ஜீனுக்குதான் அடி விழும். 2018ல மேக்ரோபேஜ்ங்கற நோய் எதிர்ப்பு செல்லுல கோஹெசின எடுத்துட்டு பாத்தப்ப, கிருமி வந்த சிக்னல் குடுத்தா எழும்ப வேண்டிய ஜீனுங்க சரியா எழும்பல. கரு வளரும்போது நிறைய ஜீன புதுசா ஆன் பண்ற வேலைதானே, அந்த நேரத்துல எல்லை இல்லேன்னா தப்பான ஜீனும் ஆன் ஆகிடும், அதான் விரல்ல தெரியுது.