காணாமல் போன பெரியவருக்காக எல்லோர் போனும் அலற வேண்டுமா?

வழிப்போக்கன்:
மறதிநோய் உள்ளவரோ அறிவுசார் குறைபாடு உள்ளவரோ காணாமல் போனால், அந்தப் பகுதியில் இருக்கும் எல்லாக் கைப்பேசிக்கும் உடனே எச்சரிக்கை போக வேண்டும் என்பது என் கட்சி. கடத்தப்பட்ட குழந்தைகளைத் தேட ஊருக்கே அறிவிக்கும் ஆம்பர் அலர்ட் அமெரிக்காவில் 1996இலேயே தொடங்கிவிட்டது. தென்கொரியாவில் 2021 ஜூனிலிருந்து மறதிநோயாளிகளுக்கும் குறுஞ்செய்தி போகிறது; வயது, உயரம், போட்டிருந்த உடை எல்லாம் அதில் இருக்கும். மற்ற இடங்களில் மட்டும் ஏன் 'பெரிய ஆள்தானே, தானே வந்துவிடுவார்'?

நிலாமுற்றம்:
பெரிய ஆள் என்பதால்தான் தயங்குகிறேன். வீட்டை விட்டுப் போக அவருக்கு உரிமை உண்டு. அடி தாங்காமல் ஓடிய மனைவியைப் 'புத்தி சரியில்லாதவள்' என்று கணவனே புகார் கொடுத்தால்? ஊரே சேர்ந்து அவளைப் பிடித்து அவன் கையில் கொடுக்கும். ஆள் 2 மணி நேரத்தில் கிடைத்துவிடுவார், படம் 2 வருடம் சுற்றும். அப்புறம், தினம் அலறினால் யாரும் பார்க்க மாட்டார்கள். நானே அணைத்து வைத்துவிடுவேன்.

வழிப்போக்கன்:
அதற்குத்தான் வரம்பு. அமெரிக்காவில் முதியோருக்கான சில்வர் அலர்ட்டுக்குப் பல மாநிலங்களில் நோய் இருப்பதை உறுதிசெய்யச் சொல்வார்கள். கணவன் வாய்ச்சொல் போதாது.

நிலாமுற்றம்:
கணவனுக்குச் சான்று வாங்கத் தெரியாதா என்ன?

இரவுப்பறவை:
இருவரும் மன்னிக்கவும், கொஞ்சம் கசப்பாகவே எழுதுகிறேன். என் அப்பா காணாமல் போனபோது அறிவிப்பு வெளியாக 5 மணி நேரம் ஆனது. ஆள் கிடைத்தது வீட்டிலிருந்து முந்நூறு அடியில், பக்கத்து மனையின் புதருக்குள். நாங்கள் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு அந்தப் புதரை மூன்று தடவை தாண்டியிருக்கிறோம். அவர் பதில் சொல்லவில்லை. இந்த நோயில் அப்படித்தான் என்று பிறகுதான் தெரிந்தது: கூப்பிட்டால் குரல் கொடுக்க மாட்டார்கள், நடப்பார்கள், ஏதாவது வழிமறித்தால் அங்கேயே சிக்கி நின்றுவிடுவார்கள். காரில் போனவரை நெடுஞ்சாலைப் பலகையில் வண்டி எண் போட்டுப் பிடிக்கலாம். புதருக்குள் இருப்பவரை எந்தப் போன் பார்க்கும்?

வழிப்போக்கன்:
பக்கத்து வீட்டுக்காரருக்கு அரை மணியில் செய்தி வந்திருந்தால் தன் மனையைப் பார்த்திருப்பாரே! ஊர் முழுக்க வேண்டாம், சரி, அதை விட்டுத்தருகிறேன். முதலில் சுற்றியுள்ள தெருக்களுக்கு மட்டும் போகட்டும்.

நிலாமுற்றம்:
தெருக்களுக்கு மட்டும், படம் இல்லாமல், ஆள் கிடைத்ததும் அழிந்துவிட வேண்டும் என்றால் யோசிக்கலாம். மனைவி விஷயத்தில் நான் இறங்கி வரவில்லை.

இரவுப்பறவை:
தாமதத்துக்கு நாங்களும் ஒரு காரணம். என்ன சட்டை என்று காவலர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சமீபத்துப் படமும் இல்லை, கல்யாண ஆல்பத்தைப் புரட்டினோம். பிரிட்டனில் 'ஹெர்பர்ட் நெறிமுறை' என்று ஒரு படிவம் உண்டு. பழைய முகவரிகள், முன்பு வேலை பார்த்த இடம், பிடித்த இடங்கள், மருந்துகள், படம் எல்லாவற்றையும் வீட்டார் முன்கூட்டியே நிரப்பி வைப்பார்கள். ஆள் காணோம் என்றதும் காவல்துறையிடம் அதை நீட்டினால் போதும்.

நிலாமுற்றம்:
இதற்கு மறுப்பே இல்லை. அம்மாவுக்கு இன்றே எழுதி வைக்கிறேன். பழைய முகவரிகளை அவரிடமே கேட்கலாமா, கலங்கிவிடுவாரா?

இரவுப்பறவை:
காலையில் கேளுங்கள். சாயங்காலம் வேண்டாம்.