வேலியைத் தாண்டிப் போன ட்ரூமன்

கொலம்பஸ், ஒஹையோ

எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், பழுத்த குடியரசுக் கட்சிக்காரர். வலப்பக்கம் பள்ளி ஆசிரியை, பரம்பரை பரம்பரையாக ஜனநாயகக் கட்சி. நடுவில் நான், அப்போது ஓட்டுரிமைகூட இல்லாதவன். 2008 அக்டோபரில் இருவரும் உதிர்ந்த இலைகளை வாருகிற சாக்கில் என் புல்வெளிக்குக் குறுக்கேதான் சண்டை போடுவார்கள்.

“உங்கள் ஒபாமா செனட்டில் நான்கு வருடம்கூட உட்காரவில்லை. அதற்குள் அதிபர் நாற்காலியா?” என்பார் அவர். “உங்கள் துணை அதிபர் வேட்பாளர் பேலின் அலாஸ்கா ஆளுநராகி இரண்டு வருடம் ஆகவில்லை. அதற்கு முன் வாசில்லா என்கிற சிற்றூருக்கு மேயர்” என்று ஆசிரியை வாரியை ஊன்றிக்கொண்டு பதில் சொல்வார்.

அந்த மாதம் கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் அப்போதைய குடியரசுக் கட்சி அதிபர் புஷ்ஷுக்கு ஆதரவு 25 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. 2001 செப்டம்பரில் 90 சதவீதத்தைத் தொட்ட அதே மனிதர். ஆசிரியை அந்த எண்ணைத் தினமும் சொல்லிக்காட்டுவார். ஓட்டுநர் அசர மாட்டார். “1952இல் அதிபர் ட்ரூமன் 22க்கு இறங்கினார். இன்று அவரை யாராவது குறை சொல்கிறார்களா?”

2011இல் ஒபாமாவின் எண் 38க்குச் சரிந்தது. ஓட்டுநர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு வேலி ஓரம் வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஆசிரியை, “ட்ரூமனைத் தெரியுமா உங்களுக்கு?” என்று ஆரம்பித்துவிட்டார். ஏணியும் மண்வெட்டியும் இரவல் வாங்கிக்கொள்கிற வீடுகள்தாம், ட்ரூமனும் போய்வந்துவிட்டார். ட்ரூமன் ஜனநாயகக் கட்சிக்காரர் என்பதால், அம்மையார் தன் சாமானைத் திருப்பி வாங்கிக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

2016இல் தகுதி வாதமும் இடம் மாறியது. செனட்டர், வெளியுறவு அமைச்சர் என்று ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலாரி வகித்த பதவிகளை விரல்விட்டு எண்ணினார் ஆசிரியை. “பதவியில் இருந்ததுதானே அவர் மேல் உள்ள குற்றமே” என்றார், எட்டு வருடம் முன்பு அனுபவத்துக்காக உயிரை விட்ட ஓட்டுநர். பழைய பேச்சை இருவருக்கும் நினைவூட்டினேன். அன்றுதான் முதல்முறையாக இருவரும் ஒன்றுசேர்ந்தார்கள், என்னை முறைப்பதற்கு.

டெட்ராய்ட், மிச்சிகன்

கொலம்பஸ்காரர் சொல்கிற அந்த ஓட்டுநரிடம் நானே தொலைபேசியில் பேசியிருப்பேனோ என்னவோ. 2008 கோடையில், படித்துக்கொண்டே ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்துக்காகக் கேள்வி கேட்கும் வேலை பார்த்தேன். திரையில் உள்ளதை எழுத்து மாறாமல் வாசிக்க வேண்டும். குரலில் ஒரு ‘ஓகோ’ எட்டிப்பார்த்தால்கூட மேற்பார்வையாளர் கூப்பிட்டுவிடுவார். அதிபர் தன் பணியைச் செய்யும் விதத்தை ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா? அவ்வளவுதான்.

ஒருவர் பதினைந்து நிமிடம் பொரிந்து தள்ளினார். பெட்ரோல் காலன் நான்கு டாலர், கடனில் முழுகப்போகும் வீடு, ஈராக்கிலிருந்து இன்னும் திரும்பாத மருமகன். எல்லாவற்றுக்கும் புஷ்தான் காரணம் என்றார். கேள்வியை மறுபடி வாசித்தேன். “ஏற்கிறேன் என்று போட்டுக்கொள். என் வாயால் அந்தக் கட்சிக்காரர்களைச் சந்தோஷப்படுத்த மாட்டேன்” என்றார். போட்டுக்கொண்டேன். அவர் சொன்ன மற்றதையெல்லாம் பதிய அந்தத் திரையில் கட்டம் இல்லை.

1950களில் அதிபர் ஐசன்ஹோவர் காலத்தில் எதிர்க்கட்சிக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அவரை ஏற்றார்கள். ட்ரம்புக்கும் பைடனுக்கும் எதிரணியில் கிடைத்தது பெரும்பாலும் ஒற்றை இலக்கம். அந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் குரல்தான் கேட்கிறது.

லங்காஸ்டர், பென்சில்வேனியா

தகுதி என்று பேச்சு வந்தால் எங்கள் ஊர்க்காரர் ஜேம்ஸ் புக்கானனை விட முடியாது. கீழவை உறுப்பினர், செனட்டர், ரஷ்யாவிலும் பிரிட்டனிலும் தூதர், வெளியுறவு அமைச்சர், எல்லாம் முடித்து 1857இல் அதிபர். அவர் நாற்காலியில் இருக்கும்போதே தென் மாநிலங்கள் பிரிந்து போகத் தொடங்கின. வரலாற்றாசிரியர்களின் தரவரிசையில் அடியில் கிடக்கிறார். அடுத்து வந்த லிங்கனுக்கோ வாஷிங்டன் அனுபவம் கீழவையில் இரண்டே ஆண்டுகள்.

ஊரிலிருந்து வந்த மாமனாருக்கு புக்கானனின் வீட்டைச் சுற்றிக்காட்டப் போனேன். குழுவில் ஒரு தம்பதி. “பார்த்தாயா, அனுபவத்தால் என்ன பயன்?” என்றார் கணவர். “அனுபவம் இருந்தே இந்தக் கதி. இல்லாதவன் வந்தால்?” என்றார் மனைவி. வழிகாட்டிப் பெண் எதுவும் காதில் விழாதவர்போல அடுத்த அறைக்குக் கையைக் காட்டினார். மாமனார் என் தோளருகே குனிந்து, “மாப்பிள்ளை, இதில் யார் எந்தக் கட்சி?” என்று கேட்டார்.