சப்போசிட்டரி, நுரை, எனிமா: எது யாருக்கு ஒத்துப்போனது?

திருச்சி ஆசிரியை:
மாத்திரைதான் விழுங்குகிறோமே, ஆசனவாய் வழியாக வேறு எதற்கு என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ், அதாவது பெருங்குடலின் உட்சுவரில் அழற்சியும் புண்ணும் உண்டாகும் நோய். அது மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேலே ஏறும் நோய். எதுவரை ஏறியிருக்கிறது என்று கொலோனோஸ்கோபியில் (கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் சோதனை) பார்த்த பிறகுதான் மருந்தின் வடிவம் முடிவாகிறது. ஆசனவாயில் வைக்கும் குளிகையான சப்போசிட்டரி மலக்குடலோடு நின்றுவிடும். நுரை, மலக்குடலுக்கு மேலே உள்ள சிக்மாய்டு வளைவு வரை போகும். திரவ எனிமா இடப்பக்கப் பெருங்குடலை முழுவதும் நனைக்கும். எனக்குப் புண் மலக்குடலைத் தாண்டவில்லை. மாத்திரைக்கு மசியாத ரத்தப்போக்கு, இரவில் ஒரு கிராம் மெசலமின் (குடல் அழற்சியைத் தணிக்கும் மருந்து) சப்போசிட்டரி வைக்கத் தொடங்கியதும் அடங்கியது.

சேலம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
டீச்சர் சொல்வது சரி. ஆனால் எனிமாக்காரர்களின் பாடு தனி. எனக்கு இடப்பக்கம் முழுவதும் புண். 60 மில்லியில் 4 கிராம் மெசலமின். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, இடப்பக்கம் ஒருக்களித்து, வலது முழங்காலை மடக்கிப் படுத்து, மெல்ல அழுத்த வேண்டும். வேகமாக அழுத்தினால் குடல் முறுக்கிக்கொண்டு அத்தனையையும் வெளியே தள்ளிவிடும். அடியில் பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பழுப்புக் கறை எந்தச் சோப்புக்கும் அசையாது.

புண் உக்கிரமாக இருந்தபோது எனிமா உள்ளே தங்கவே இல்லை. மருத்துவர் கொஞ்ச காலம் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு நுரைக்கு மாற்றினார். நுரையை அடக்கிக்கொள்வது எளிது. இருந்தாலும் இந்த இடத்தில் ஸ்டீராய்டைவிட மெசலமினே கூடுதலாகக் கேட்கும் என்பதுதான் ஆய்வுகளின் முடிவு. ஸ்டீராய்டை ஆண்டுக்கணக்கில் நீட்டவும் கூடாது. நிலைமை தணிந்ததும் பழைய பாட்டிலுக்கே திரும்பினேன்.

இன்னொன்று. மெசலமின்தான் வேலை செய்கிறது என்பதே எனிமா மூலம்தான் தெரியவந்தது. அதுவரை சல்பாசலசின் என்ற கூட்டு மருந்தைத்தான் கொடுத்து வந்தார்கள். 1977இல் ஆக்ஸ்போர்டில் அசாத் கான், ட்ரூலவ் குழுவினர் அதன் இரு பகுதிகளையும் தனித்தனி எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தனர். சல்பா பகுதியால் பெரிய பலன் இல்லை. மற்றப் பகுதிதான் நாம் இன்று வைத்துக்கொள்ளும் மெசலமின்! கூச்சப்படுகிறவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

கோவையிலிருந்து:
ஐயா, எனக்குக் கிரோன்ஸ் என்ற வேறொரு குடல் அழற்சி நோய்; சிறுகுடலின் கடைசிப் பகுதியில். அங்கே எந்த எனிமாவும் எட்டாது. உறவினர் ஒருவர் தமக்குக் கேட்டது என்று சப்போசிட்டரி அட்டையை நீட்டினார், அன்போடு மறுத்துவிட்டேன். எனக்கு எழுதியது பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டு காப்ஸ்யூல். வாய்வழி மருந்துதான், ஆனால் குடலின் அந்தப் பகுதிக்குப் போன பிறகே கரையும். ரத்தத்தில் கலப்பதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுவதால், வழக்கமான ஸ்டீராய்டு அளவுக்கு முகம் ஊதவில்லை.

திருச்சி ஆசிரியை:
ரத்தம் நின்றதும் நிறுத்திவிடலாமா என்று தனியே கேட்டவருக்கு: நீங்களாக நிறுத்தாதீர்கள். எனக்கு மருத்துவர் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்துத் தொடரச் சொல்லியிருக்கிறார். சித்திரை வெயிலில் சப்போசிட்டரி இளகிக் குழைந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வையுங்கள். வைக்கும் முன் நுனியைத் தண்ணீரில் லேசாக நனைத்தால் உறுத்தாது.