புராஸ்டேட் அறுவைக்குப் பின் பன்னிரண்டாம் நாள் வந்த இரத்தப்போக்கு

என் தந்தையாருக்கு 71 வயது. புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொண்டதால், சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுக்கும் டி.யூ.ஆர்.பி. அறுவை செய்துகொண்டார். நான்காம் நாள், சிறுநீர் வடியப் போட்டிருந்த கதீட்டர் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில், இரண்டு நாள் மலச்சிக்கலுக்குப் பிறகு முக்கி மலம் கழித்தவர் என்னைக் கூப்பிட்டார். பீங்கானில் அடர்சிவப்பும், ஈரல் துண்டு போன்ற கட்டிகளும் கிடந்தன. அறுத்த இடத்துப் பொருக்கு உதிரும்போது, பத்து நாள் முதல் சில வாரங்களுக்குள் இப்படி இரத்தம் வருவதுண்டு என்று டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்தபோது ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. தண்ணீர் நிறையக் குடித்தால் தெளிந்துவிடும் என்று மாலைவரை காத்திருந்தோம். அதற்குள் கட்டிகள் வழியை அடைத்து, ஒரு சொட்டும் இறங்காமல் அடிவயிறு கல்லாகிவிட்டது.

மருத்துவமனையில் மூன்று வழிக் கதீட்டர் போட்டு, பெரிய சிரிஞ்சால் கட்டிகளை உறிஞ்சியெடுத்து, சலைனை இடைவிடாமல் ஓட்டினார்கள். மறுநாள் மயக்கம் கொடுத்து, சிறுநீர்ப் பாதைக்குள் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப் கருவி வழியாக, கசிந்த இடத்தைச் சுட்டார்கள். தெளிந்திருந்த குழாய் அடுத்த இரவே மீண்டும் சிவந்தது. இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றியும் ஹீமோகுளோபின் 7.8-க்கு மேல் ஏறவில்லை. இதயத்தில் ஸ்டென்ட் உள்ளவருக்கு மறுபடியும் மயக்கம் கொடுக்கத் தயங்கிய மருத்துவர், இரத்தக் குழாய்க்குள் சிறு குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி மருத்துவரை அழைத்தார்.

அவர் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்துவிட்டு, தொடையிடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே தமனிக்குள் நூல் போன்ற குழாயைச் செலுத்தி, புராஸ்டேட்டுக்குப் போகும் கிளையைத் தேடிப் பிடித்து, ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத துகள்களால் இருபக்கமும் அடைத்தார். இதற்கு எம்போலைசேஷன் என்று பெயர். சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் கிளைகள் பக்கத்திலேயே பிரிவதால், துகள் வழி தவறிவிடாதபடி ஒவ்வொரு முறையும் சாயம் செலுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அப்பா முழுநேரமும் விழித்திருந்தார், இடையில் தண்ணீர்கூடக் கேட்டாராம். அன்று கால்களை மடக்காமல் படுத்திருந்தவருக்கு, மறுநாள் விடிந்தபோது குழாயில் வைக்கோல் நிறத்தில் சிறுநீர் இறங்கியது.

மறுமொழி:

ஐயா, எனக்கு அறுவை நடந்த அன்றிரவே இரத்தப்போக்கு வந்தது. கதீட்டர் பலூனில் நீரைக் கூட்டி, குழாயை இழுத்துத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். செவிலியர் மணிக்கொரு முறை வந்து, பையிலிருப்பது ரோஸ் நிறமா, சிவப்பா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். விடியும்முன் நின்றுவிட்டதால் எனக்கு எம்போலைசேஷன் தேவைப்படவில்லை. தங்கள் தந்தையாருக்கு ஸ்டென்ட் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அறுவைக்காக நிறுத்திய, இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரெல் மாத்திரையை எந்த நாளில் மறுபடி தொடங்கினார்கள் என்பதையும் எழுதினால், அதே மாத்திரை எடுக்கும் என் அண்ணனுக்கு, அடுத்த மாத அறுவைக்கு முன் மருத்துவரிடம் கேட்க உதவும்.