கல்லூரிக்குப் பின் தொழில்முறை பீச் வாலிபால்: மகளை அனுப்பலாமா?

தென்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தென் கலிஃபோர்னியாவில் வசிக்கிறோம். என் மகள் கல்லூரி அணியில் பீச் வாலிபால் ஆடுகிறாள். வரும் மே மாதத்தோடு படிப்பு முடிகிறது. உடனே வேலைக்குப் போகாமல் ஏவிபி (அமெரிக்கத் தொழில்முறை பீச் வாலிபால் அமைப்பு) நடத்தும் போட்டிகளிலும் உலகச் சுற்றிலும் ஆட வேண்டும் என்பது அவள் விருப்பம். அவள் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது பதக்க மேடையில் நிற்பவர்களைத்தான். அந்த இடத்துக்கு இன்னும் வராத ஒருவருக்கு இந்தச் சுற்றில் ஓராண்டு எப்படிப் போகும் என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால், அவளோடு உட்கார்ந்து பேச எனக்கு உதவியாக இருக்கும்.

வலைக்கப்பால்

வணக்கம் அம்மா. உலகச் சுற்று 2022 முதல் பீச் புரோ டூர் என்ற பெயரில், கீழிருந்து மேலாக ஃபியூச்சர்ஸ், சேலஞ்ச், எலைட் என்று மூன்று படிகளாக நடக்கிறது. எலைட் போட்டியின் முதன்மைச் சுற்றில் மிகச் சில இணைகளுக்கே (அணிக்கு இருவர்) இடம். அதிலும் சில இடங்கள் தகுதிச் சுற்றில் வென்று வருபவர்களுக்கு உரியவை. ஃபியூச்சர்ஸில் பட்டமே வென்றாலும், இருவருக்கான விமானக் கட்டணத்தையும் அறை வாடகையையும் கழித்த பிறகு கையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. மேல் படிக்குப் போகப் புள்ளிகள் வேண்டும், புள்ளிகள் சேர ஊர் ஊராகப் போக வேண்டும், போவதற்குப் பணம் வேண்டும் என்ற இந்தச் சுழலிலிருந்து வெளியே வருவதற்கே பலருக்கு முதல் சில ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

அமெரிக்க இணைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு நாட்டுக்கு ஒதுக்கிய இடங்களைவிட அதிக இணைகள் பதிவு செய்தால், தகுதிச் சுற்றுக்கு முன்பே அவை தங்களுக்குள் மோதி இடம்பிடிக்க நேரும். கடல் தாண்டிப் பறந்து போய், ஊரில் தினமும் உடன் பயிற்சி செய்யும் தோழிகளிடமே முதல் ஆட்டத்தில் தோற்று, வெளிநாட்டு இணை ஒன்றைக்கூடச் சந்திக்காமல் திரும்புவது எவ்வளவு வேதனை என்று நினைத்துப் பாருங்கள்.

உள்நாட்டிலும் நிலைமை நிரந்தரமாக இருந்ததில்லை. 1983இல் ஆட்டக்காரர்களின் சங்கமாகத் தொடங்கிய ஏவிபி, 1998இல் திவாலானது. பிறகு மீண்டு வந்து, 2010 ஆகஸ்டில் பருவத்தின் நடுவிலேயே நின்றுபோனது. பின்னர் வேறொரு நிர்வாகத்தின் கீழ் மறுபடியும் எழுந்தது. 2024இல் தொடங்கிய ஏவிபி லீக்கில் எட்டு அணிகள், அணிக்கு ஒரு பெண்கள் இணை. அதாவது பதினாறு பெண்களுக்கு இடம் உறுதி. மற்றவர்கள் நம் கலிஃபோர்னியாவின் மான்ஹாட்டன் பீச் ஓபன் போன்ற போட்டிகளை நம்பியிருக்கிறார்கள். அங்கே வென்றவர்களின் பெயர்கள் கடற்பாலத்தில் வெண்கலத்தில் பதிக்கப்படுகின்றன. உங்கள் மகளும் அவற்றைப் பார்த்துத்தான் வளர்ந்திருப்பாள்.

இடதுகைசர்வ்

அக்கா, நான் சில காலம் தகுதிச் சுற்றுகளில் ஆடியவள். பணத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். என் அனுபவத்தில் அதைவிடக் கடினமானது பார்ட்னர் விஷயம். இந்த ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. இருவரில் யார் அன்று தடுமாறுகிறாரோ, எதிரணி ஒவ்வொரு சர்வையும் அவரை நோக்கியே போடும். பந்தை எடுப்பதும் அவர்தான், ஓடிவந்து அடிப்பதும் அவர்தான். ஏழு புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாறும்போது வலைக்கம்பத்தருகே பார்ட்னரின் முகத்தைப் பார்க்கவே தயக்கமாக இருக்கும். மற்றவர் நன்றாக ஆடக்கூடியவராக இருந்தும், பந்தே வராமல் முழு ஆட்டத்தையும் நின்று கழிப்பார். தோல்வி ஒருவர் மேல் விழுவதும் மனக்கசப்பு தொடங்குவதும் இப்படித்தான்.

புள்ளிகள் தனித்தனி ஆளின் பெயரில் சேர்ந்து, இருவருடையதையும் கூட்டித்தான் இணையின் இடம் முடிவாகிறது. அதனால் அதிகப் புள்ளி வைத்திருப்பவரிடமிருந்து அழைப்பு வந்தால், பழைய பார்ட்னரை விட்டுவிட்டுப் போகத் தோன்றுவது இயல்பு; அதைத் துரோகம் என்று நான் சொல்லமாட்டேன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் கெர்ரி வால்ஷ் ஜென்னிங்ஸுடன் வெண்கலம் வென்ற அமெரிக்க வீராங்கனை ஏப்ரல் ராஸ், அடுத்த ஆண்டே அவரைப் பிரிந்தார்; உள்ளரங்க வாலிபாலிலிருந்து மணலுக்கு வந்த அலிக்ஸ் க்ளைன்மனுடன் சேர்ந்து டோக்கியோவில் தங்கம் வென்றார். பிரேசிலின் டுடாவும் ஆனா பட்ரீசியாவும் 2014 இளையோர் ஒலிம்பிக்கில் ஒன்றாகத் தங்கம் வென்றவர்கள். டோக்கியோவுக்கு வேறு வேறு பார்ட்னர்களோடு போய் இருவருமே பதக்கம் இல்லாமல் திரும்பினார்கள். மறுபடி சேர்ந்த பிறகு 2022 உலகப் பட்டமும் 2024 பாரிஸ் தங்கமும் கிடைத்தன. ஆகவே பிரிவு வந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று உங்கள் மகள் நினைக்கக் கூடாது. ஆனால் ஓரிரு தோல்விக்கே பார்ட்னரை மாற்றுபவர் என்ற பெயரும் அவளுக்கு வந்துவிடக் கூடாது.

மணல்மருத்துவம்

நான் பிசியோதெரபிஸ்ட். மணல் மூட்டுகளுக்கு மென்மையானது என்பது பாதி உண்மைதான். தோளுக்கு அது எந்தச் சலுகையும் தருவதில்லை. 2015இல் வால்ஷ் ஜென்னிங்ஸுக்குத் தோள் மூட்டு விலகி, கீழிருந்து சர்வ் போட்டுக்கூட ஆட வேண்டியிருந்தது. ஏவிபி ஆட்டக்காரர்கள் சம்பள ஊழியர்கள் அல்லர், சுயேச்சையாக ஒப்பந்தத்தில் ஆடுபவர்கள்; மருத்துவக் காப்பீட்டை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் காப்பீட்டில் அவள் பெயர் இருந்தால் இருபத்தாறு வயது வரை அதிலேயே தொடரலாம். அதற்கு முன் அவள் பெயரை நீக்கிவிடாதீர்கள்.

தென்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. கூட ஆடப்போகும் பெண் வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போகக்கூடும் என்று மகள் நேற்றுதான் சொன்னாள். அப்படியானால் முதல் பருவத்தை எப்படித் தொடங்குவது?

இடதுகைசர்வ்

அக்கா, அந்தப் பெண்ணின் முடிவு தெரியும் வரை வெளிநாட்டுப் போட்டி எதற்கும் பயணச்சீட்டு வாங்க வேண்டாம். முதல் கோடையில் கலிஃபோர்னியாவுக்குள் காரில் போய் ஆடக்கூடிய போட்டிகளே போதும். செலவு குறையும், வாரநாட்களில் பகுதிநேர வேலையும் செய்யலாம். பயிற்சிக்கு வரும் மூத்த ஆட்டக்காரர்களோடு கலந்து ஆடச் சொல்லுங்கள். யாருக்கு பார்ட்னர் தேவை என்பது அங்கேதான் முதலில் தெரியவரும். அவள் வலையருகே நின்று பிளாக் செய்பவளா, பின்னால் நின்று டிஃபென்ஸ் ஆடுபவளா என்று எழுதினால், எப்படிப்பட்ட பார்ட்னரைத் தேடலாம் என்பதையும் சொல்கிறேன்.