கிரேக்க இராணுவ ஆட்சியை வீழ்த்தியது மாணவர்களா, சைப்பிரஸா?

பம்பலப்பிட்டி மாணவி:
உயர்தரத்துக்கு வரலாறு படிக்கிறேன். ரியூஷன் விட்டு காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தோழியோடு ஒரே வாக்குவாதம். கிரேக்கத்தில் கேணல்களின் ஆட்சியை ஏதென்ஸ் பொலிடெக்னிக் (தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) மாணவர்கள்தான் கவிழ்த்தார்கள் என்கிறாள். ஆனால் போராட்டம் நடந்தது 1973 நவம்பரில், ஆட்சி போனது 1974 ஜூலையில். இடையில் என்ன நடந்தது?

வெள்ளவத்தை ஓய்வு ஆசிரியர்:
நல்ல கேள்வி, பிள்ளை. 1967 மே மாதம் தேர்தல் வர இருந்தது. அதை நடக்கவிடாமல் ஏப்ரல் 21 விடியற்காலையில் கேணல் பபடோபுலோஸ் கூட்டம் தாங்கிகளைத் தெருவில் இறக்கியது. மன்னர் முதலில் அவர்களுக்கே பதவிப்பிரமாணம் செய்து வைத்தார். டிசம்பரில் எதிர்த்துப் பார்த்தார், முடியவில்லை, ரோமுக்கு ஓடினார்.

1973 இல் பபடோபுலோஸ் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, சிவில் பிரதமர் ஒருவரை வைத்துத் தேர்தல் காட்டப் பார்த்தார். மாணவர்கள் அதை நம்பவில்லை. பொலிடெக்னிக்குக்குள் இருந்துகொண்டு தாங்களே வானொலி நிலையம் அமைத்து ஊரையே கூப்பிட்டார்கள். நவம்பர் 17 அதிகாலை தாங்கி ஒன்று வாசலின் இரும்புக் கதவை இடித்துச் சாய்த்தது. அந்த நெளிந்த கதவை இன்றும் வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரமே இராணுவப் பொலிஸைக் கையில் வைத்திருந்த இயோனிடிஸ், பபடோபுலோஸைத் தூக்கிவிட்டார். வந்தவர் இன்னும் கொடியவர். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் பொய்த் தேர்தலை நடக்கவிடவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

கொட்டாஞ்சேனை வாசகர்:
மிச்சத்தை நான் சொல்கிறேன், தங்கச்சி. 1974 ஜூலை 15 இல் இயோனிடிஸின் ஆட்கள் சைப்பிரஸ் தீவின் ஜனாதிபதி மக்காரியோஸைக் கவிழ்த்தார்கள். 20 ஆம் திகதி துருக்கிப் படை தீவில் இறங்கியது. நாட்டைக் காக்கவே வந்தோம் என்ற கிரேக்க ஆட்சியாளர்களுக்குப் படையைத் திரட்டக்கூடத் தெரியவில்லை, ஒரே குழப்பம். 23 ஆம் திகதி கிரேக்கத் தளபதிகளே அரசியல்வாதிகளைக் கூப்பிட்டார்கள். முன்னாள் பிரதமர் கரமன்லிஸ் பாரிஸிலிருந்து வந்து மறுபடி பிரதமரானார். விலை கொடுத்தது சைப்பிரஸ் சனங்கள். தீவு இன்னும் இரண்டாகத்தான் கிடக்கிறது.

பம்பலப்பிட்டி மாணவி:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. அப்புறம் அந்தக் கேணல்களுக்குத் தண்டனை கிடைத்ததா?

வெள்ளவத்தை ஓய்வு ஆசிரியர்:
கிடைத்தது. 1975 இல் தேசத்துரோகத்துக்காக விசாரித்து, பபடோபுலோஸ் உட்பட மூவருக்கு மரணதண்டனை விதித்தார்கள். கரமன்லிஸ் அரசு அதை ஆயுள் தண்டனையாக்கியது. பபடோபுலோஸ் 1999 இல் கைதியாகவே செத்தார். நம் நாட்டில் 1962 இராணுவச் சதி முயற்சி வழக்கையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இங்கே சம்பவத்துக்குப் பிறகு சட்டம் செய்து தண்டித்தார்கள். 1965 இல் நமக்கு அப்போது மேல்முறையீட்டின் கடைசி நீதிமன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பையே இரத்துச் செய்து எல்லோரையும் விட்டுவிட்டது.